பழங்கவசத்தில் மறைந்த போர்

தாம் பயின்ற கல்லூரிக்கு நினைவுச் சாளரம் அளிக்க விரும்பும் பழைய மாணவர்கள், அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழக நினைவு மண்டபத்தைக் குறித்துச் சற்றுச் சிந்திப்பது நலம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வடமாநிலங்களின் பக்கம் நின்று உயிர்நீத்த ஹார்வர்டு மாணவர்களுக்காக 1870களில் எழும்பிய கட்டடம் அது. அவர்களுள் 136 பேரின் பெயர்கள் வெண்சலவைக்கல்லில் பொறிக்கப்பட்டுள்ளன. உணவுக்கூடத்தின் வர்ணக் கண்ணாடிச் சாளரங்களைப் பிற்பாடு வகுப்பு வகுப்பாகப் பழைய மாணவர்கள் வழங்கினர்.

அவற்றுள் 1860ஆம் ஆண்டு வகுப்பினர் அளித்த போர்ச் சாளரத்தை ஜான் லா ஃபார்ஜ் அமைத்தார். பால்போல் மங்கி ஒளிரும் கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒளிக்கும் நிழலுக்கும் ஆழம் தருவது அவருடைய முறை. தூரிகை செய்யவேண்டியதைக் கண்ணாடியே செய்துவிடுகிறது. தொழில்திறத்தில் நாம் குறைகூற ஒன்றுமில்லை.

ஆயினும், அங்கே போரிடுவோர் பழங்காலக் கவசம் அணிந்த வீரர். வேறு சாளரங்களில் ஹோமரும் வெர்ஜிலும், உரோமைத் தாய் கொர்னேலியாவும் நிற்கின்றனர். அடிமை முறையின் நிமித்தம் மூண்ட போரின் நினைவிடத்தில் இச்சாளரங்கள் வீரத்தைப் பேசுகின்றன, அடிமையைப் பேசவில்லை. உடன்பயின்றோரை இழந்தவர்களின் துயரம் பழங்கதையின் போர்வையைத் தேடியிருக்கலாம். அதை நாம் எளிதாய் எண்ணவில்லை. ஆனால் துயரத்திற்கு இசைந்த போர்வை, போரின் காரணத்தையும் மூடிவிட்டது.

இது தொலைதூரத்துக் காரியமன்று. துறைமுகம் அமையுமுன் அலைகளினூடே மசூலாப் படகில் சரக்கும் மனிதரும் கரையேறிய கடற்கரை நம்முடையது. அப்படகோட்டிகளின் பொருளால் எழுந்ததே இராயபுரம் பேதுரு ஆலயம். நம்மவர் ஒரு சாளரம் அளிக்க முன்வந்தால், பேதுருவும் வலையும் கலிலேயாக் கடலுமே முதலில் நினைவுக்கு வரும். வேத ஆதாரமுள்ள காட்சியே, குற்றமில்லை. ஆனால் 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயலின் வெள்ளத்தோடு எண்ணெய் படர்ந்து எண்ணூர் மீனவரின் படகும் வலையும் கருத்துப்போயின. கலிலேயாவின் தூய நீலத்தை மட்டும் ஆலயத்தில் ஏற்றிவைத்தால், எண்ணூரிலிருந்து வந்து அதன்கீழ் அமரும் சபையார் யாருடைய கடலைக் காண்பர்? ஓவியரைத் தேடுமுன், கொடையாளிகள் காட்டுக்குப்பம்வரை சென்று அந்தக் கழிமுகத்தைப் பார்த்து வரட்டும். கருமையைத் தாங்கவும் கண்ணாடிக்கு வலுவுண்டு.