புல்நுனியில் ஒரு குளிர்காலம்: உறைபனிச் சாலைப் பயணத்தை நாயோடு ரசிப்பது எப்படி?

தென்னிந்திய மலைகளில் இமயத்தைப்போலப் பனி பெய்து குவிவதில்லை; ஆனால் மார்கழி, தை மாதங்களில் நீலகிரியின் தலைகுந்தா, காந்தல் பகுதிகளிலும், மூணாறைச் சுற்றியுள்ள கன்னிமலை, செண்டுவாரை, லாக்ஹார்ட் தேயிலைத் தோட்டங்களிலும் உறைபனி படிகிறது. காற்றிலுள்ள நீராவி, உறைநிலைக்குக் கீழே குளிர்ந்துவிட்ட புல்லின் மீதும் இலையின் மீதும் நீராக மாறாமல் நேரடியாகப் பனிப்படிகமாகப் படிவதே உறைபனி எனப்படுகிறது; அதற்கு முந்தைய வாரங்களில் துளித்துளியாக இறங்குவதை மலைவாசிகள் நீர்ப்பனி என்பார்கள். தை மாத இரவிலும் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிதான, குமரி மாவட்டக் கடலோரத் தேங்காய்ப்பட்டணத்திலிருந்து, வீட்டு நாயையும் ஏற்றிக்கொண்டு விடுமுறைக்குப் புறப்படும் குடும்பம், சினிமாவில் பார்த்த வெண்மலைகளை மனத்தில் வைத்துக்கொண்டு மூணாறுக்குப் போனால் ஏமாற்றமே மிஞ்சும். தெற்கின் பனி பெரும்பாலும் கணுக்கால் உயரத்துக்கு மேலே கிடைப்பதில்லை. அதுவும் விடியலுக்கு முன் முதிர்ந்து, வெயில் ஏறியதும் இல்லாமல் போய்விடுகிறது. எனவே அதை ரசிக்கக் கற்பது என்பது, பெருமளவுக்கு, குனிந்து பார்க்கக் கற்பதாகும்; அந்த வகையில் தரையோடு மூக்கை வைத்து நடக்கும் நாய் மனிதரைவிடச் சரியான உயரத்தில் இருக்கிறது.

பயணத்தின் சுவை மலையடிவாரத்தில்தான் தொடங்குகிறது என்று கருத வேண்டியதில்லை. நாகர்கோவிலைக் கடந்து, ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளுக்கு நடுவே திருநெல்வேலிச் சமவெளியில் இறங்கி, சங்கரன்கோவில் வழியாக வடக்கே செல்லும் சாலை, தமிழகத்தின் பெயர்பெற்ற நாய் இனங்களின் சொந்த நிலத்தை ஒட்டியே போகிறது. கிழக்கே கோவில்பட்டி வட்டாரம் கன்னி, சிப்பிப்பாறை ஆகிய இனங்களுக்கு உரியது. இவை மோப்பத்தைவிடப் பார்வையை நம்பி முயலைத் துரத்திப் பிடிக்கும், ஒடுங்கிய வயிறும் நீண்ட காலும் கொண்ட வேட்டைநாய்கள். அடுத்து வரும் ராஜபாளையம், இளஞ்சிவப்பு மூக்கும் பால்வெள்ளை உடலும் கொண்ட நாய்க்குத் தன் பெயரையே கொடுத்த ஊர். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நான்கு நாய்த் தபால்தலைகளில் ஒன்று இந்த இனத்துக்குரியது. உசிலம்பட்டி, தேனி வழியாகப் போடிநாயக்கனூர் சேர்ந்தால், அங்கிருந்து தேவாரம் சாலையில் சற்று விலகிய தூரத்தில் கோம்பை இருக்கிறது. செம்பழுப்பு உடலும் கரிய வாயும் கொண்ட காவல்நாய் அவ்வூரின் பெயரால் அறியப்படுவது. இந்த ஊர்களில் வண்டியை நிறுத்தி நாய்களைப் பார்த்துவிட்டுப் போவது நல்ல பொழுதுபோக்கு. ஆனால் விடுமுறை உற்சாகத்தில் அங்கேயே ஒரு குட்டியை விலைபேசி மடியில் வைத்துக்கொண்டு மலையேறுவதைப் போன்ற மடத்தனம் வேறில்லை.

இந்த நாய்கள் அனைத்துக்கும், தேங்காய்ப்பட்டணத்து வீடுகளில் வளரும் சாதாரண நாட்டு நாய்க்கும் பொதுவான இயல்பு ஒன்று உண்டு: இவற்றின் தோல்மேல் இருப்பது குட்டையான ஒற்றை அடுக்கு முடிதான். குளிர்நாட்டு நாய்களுக்கு வெளிமுடிக்கு அடியில் பஞ்சுபோன்ற உள்முடி என்ற இரண்டாம் அடுக்கு இருந்து உடற்சூட்டைக் காக்கிறது. தென்னாட்டு நாய்க்கு அது கிடையாது. ஆகவே ஹஸ்கி வளர்ப்பவரின் நாய் சமவெளியின் நடுப்பகலிலும், சிப்பிப்பாறை வளர்ப்பவரின் நாய் மலையின் விடியலிலும் துன்பப்படுகிறது. இரண்டில் எதை ஏற்றிச் செல்கிறோம் என்பதைப் பொறுத்தே பயணத்தின் நேரங்களை வகுக்க வேண்டும்.

மூணாறுக்குப் போகும் வழியில், போடியிலிருந்து போடிமெட்டு வரையிலான மலைப்பாதை, 17 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் உயரத்தை ஏறிவிடுகிறது. ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி என்ற கணக்கில் காற்று குளிர்வதால், கண்ணாடியைச் சிறிது இறக்கி வைத்தால் ஒவ்வொரு சில வளைவுக்கும் காற்றின் தன்மை மாறுவதைத் தோல் உணரும். முள்மரக் காடு பின்தங்கி, ஏலக்காய்த் தோட்டத்தின் ஈரநிழல் தொடங்கும் இடத்தைக் கண்ணுக்கு முன்பே நாயின் மூக்கு கண்டுகொண்டு அது எழுந்து உட்காரும். வளைவுகளில் நாய்க்கும் குமட்டல் வரும் என்பதால், ஏற்றத்துக்கு மூன்று நான்கு மணி நேரம் முன்பே அதற்குக் கடைசி உணவைக் கொடுத்துவிடுவது நல்லது.

உறைபனியை ரசிப்பதற்கான முதல் வேலை முந்தைய இரவில் வானத்தைப் பார்ப்பது. பகலில் வாங்கிய வெப்பத்தை நிலம் இரவு முழுவதும் கதிர்வீச்சாக வெளியே விடுகிறது. மேகம் இருந்தால் அது கம்பளிபோல் அந்த வெப்பத்தைத் தடுத்துத் திருப்பிவிடும். காற்று வீசினால் மேலுள்ள வெதுவெதுப்பான காற்று கீழே கலந்துவிடும். நட்சத்திரங்கள் தெளிவாகத் தெரிந்து, இலை அசையாத இரவே உறைபனிக்கு உகந்தது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் அது சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. ஆகையால் உச்சியில் நிற்பவருக்குக் கிடைக்காத பனி, அதற்குக் கீழே உள்ள ஓடைக்கரையிலும் விளையாட்டு மைதானத்திலும் வெளுத்துக் கிடக்கும். வெப்பமானி தலை உயரத்தில் மூன்று டிகிரி காட்டும்போதே புல் மட்டத்தில் பனி உறைந்திருப்பதும் இதன் தொடர்ச்சியே.

விடியலுக்கு அரை மணி முன்பு, சாலையோரப் பள்ளம் ஒன்றில் டார்ச் ஒளியைத் தரைக்கு இணையாகப் படுக்கையாக அடித்துப் பார்க்க வேண்டும். புல்லின் நடுப்பகுதியைவிட ஓரங்களிலும், இலையின் பல்விளிம்புகளிலும் படிகங்கள் நெருக்கமாக நிற்பது தெரியும்; காற்றில் வரும் நீராவி முதலில் எட்டுவது அந்த விளிம்புகளையே. நாய் நடந்து போன இடத்தில் வெண்மை கலைந்து, பச்சைத் தடங்கள் வரிசையாகப் பதிந்திருக்கும். அதன் மூச்சு ஆவியாகித் தன் மீசைமயிரிலேயே துளியாகப் படியும். கடுங்குளிரில் மணப்பொருள்கள் ஆவியாவது குறைவதால் நாய் மூக்கைத் தரையில் அழுத்தி, நின்று நின்று தேடும். வெயில் பட்டுப் பனி உருகத் தொடங்கியதும் மணங்கள் எழும்ப, தலை நிமிர்ந்து காற்றைப் பிடிக்கும். அந்த மாற்றத்தைக் கவனிப்பவருக்குச் சூரியன் எத்தனை மணிக்கு முகட்டைத் தாண்டியது என்பதைக் கடிகாரம் சொல்ல வேண்டியதில்லை. அதைவிட வியப்பானது அடுத்த கால் மணி நேரம்: வெயில் விழுந்த இடமெல்லாம் பச்சையாகிவிட, மரத்தின் நிழல் விழுந்த பகுதியில் மட்டும் பனி அப்படியே நின்று, தரையில் நிழலின் வடிவம் வெள்ளையாக வரையப்பட்டிருக்கும், நிழல் நகர நகர அதன் ஒரு பக்கம் உருகிக்கொண்டே வரும். பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் அதற்குள் படம் எடுத்து முடித்துக் காலை உணவுக்குப் போயிருப்பார்கள்.

உறைந்த புல்லை மிதித்தால் அதன் உயிரணுக்கள் நொறுங்கி, பின்னர் அந்தத் தடம் பழுப்பாகும் என்பதால் பாதையை விட்டு இறங்காமல் பார்ப்பதே முறை. தேயிலைச் செடிகளுக்கு உறைபனி நேரடியான நட்டம். கொழுந்து கருகிப்போகும் அந்தக் காலைகளைத் தோட்டத் தொழிலாளர்கள் ரசிப்பதில்லை என்பதையும் பார்வையாளர் நினைவில் வைக்கத்தான் வேண்டும். இம்மலைகளின் பள்ளங்களில் மட்டும் சோலை எனப்படும் குட்டையான மலைக்காடும், சரிவுகளில் வெறும் புல்வெளியும் இருப்பதற்கு, திறந்த புல்வெளியில் சோலை மரங்களின் நாற்றுகளை உறைபனி கொன்றுவிடுவது ஒரு காரணம் எனச் சூழலியலாளர் சிலர் விளக்குவர். தீயையும் மேய்ச்சலையும் காரணமாகக் காட்டுவோரும் உண்டு.

நாயைப் பொறுத்தவரை, கால்களை மாறி மாறித் தூக்குவதும், வாலை ஒடுக்குவதும், நடுங்குவதும் போதும் என்பதற்கான அடையாளங்கள். உடனே வண்டிக்குள் ஏற்றிவிட வேண்டும். மேலங்கி அணிவித்தாலும், மெல்லிய காதுமடலையும் உள்ளங்கால்களையும் அது காப்பதில்லை. கயிற்றை அவிழ்த்துவிடுவது எந்நிலையிலும் கூடாது. சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. யானையைக் கண்டு குரைத்துவிட்டு நாய் திரும்பி ஓடி வருவது தன் எசமானரிடம்தான், யானையும் பின்னாலேயே வரும். 2023 ஏப்ரலில் இதே பாதையருகே உள்ள சின்னக்கானலில் பிடிக்கப்பட்ட அரிக்கொம்பன் என்ற காட்டு யானை, பிறகு கம்பத்துக்குள் நுழைந்து, ஜூனில் மேல்கோதையாற்றுப் பக்கத்துக் காட்டில் கொண்டுவந்து விடப்பட்டதை, அந்தக் கோதையாற்றின் நீர் கடலில் சேரும் தேங்காய்ப்பட்டணத்தார் மறந்திருக்க மாட்டார்கள். இரவிகுளம் போன்ற தேசியப் பூங்காக்களுக்குள் நாய்க்கு அனுமதி கிடையாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசிச் சான்று கையில் இருப்பது அவசியம், ஏனெனில் வீட்டு நாயின் நோய் காட்டுச் செந்நாய்க்கும் தொற்றக்கூடியது.

மெய்யான பனிப்பொழிவையே காண விரும்புவோர், 2020 அக்டோபரில் திறக்கப்பட்ட 9 கிலோமீட்டர் அடல் சுரங்கப்பாதையின் இருபுறமும் மணாலியிலும் லாகூலிலும் அதைக் காணலாம். அங்கே கத்தி (Gaddi) எனப்படும் இடையர்களின் மந்தைநாய்கள் அடர்ந்த இரட்டை முடியோடும், சிறுத்தை கழுத்தைக் கவ்வாதபடி முள்வைத்த இரும்புப் பட்டையோடும் நடக்கும். தென்கோடியிலிருந்து அவ்வளவு தூரம் நாயைக் கொண்டுபோவது நாய்க்குச் செய்யும் நன்மையன்று.

மூணாற்றில் வானம் மூடி உறைபனி வாய்க்காத காலையும் வரும். அப்போது குளிர்காலத் தேயிலையைச் சுவைத்துப் பார்க்கலாம்: குளிரில் கொழுந்து மெதுவாக வளர்வதால் மணப்பொருள்கள் செறிந்து, டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பறிக்கும் இலைக்குத் தனி வாசனை உண்டு. நீலகிரியில் இதைப் பனிக்காலத் தேயிலை என்றே தனியாக விற்கிறார்கள். பாலும் சர்க்கரையும் சேர்க்காமல், மூன்று நிமிடம் மூடிவைத்து வடித்தால்தான் அந்த வாசனை தெரியும். கோப்பையை மட்டும் நாய்க்கு எட்டாத இடத்தில் வைக்க வேண்டும். தேநீரிலுள்ள காஃபீன் அதற்கு ஆகாது.