வசையும் வழக்கும்

ராக், ராப் பற்றியெல்லாம் இந்தப் பக்கங்களில் எழுதுவது சிலருக்கு ஒவ்வாது. கோஷம் கவிதையாகாது என்ற கட்சியில் நானும் இருப்பவன்தான். இருந்தும் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் பாட்டுகளைக் கோஷம் என்ற ஒற்றைச் சொல்லில் ஒதுக்க என்னால் முடியவில்லை. ஒதுக்குகிறவர்கள் அவற்றின் தொனியைக் கேட்கவில்லை என்றே படுகிறது.

விவரம் இவ்வளவுதான். 2018 ஜனவரி 6, சென்னை கீழ்ப்பாக்கத்தில் முதல் மேடை. முயற்சி பா. ரஞ்சித், இசை டென்மா. கானா பாடகர்கள், ராப் பாடும் அறிவு, கிதார், டிரம்ஸ், பறை, சட்டி என்று 19 பேர். தொடக்கத்தில் ஒரே பெண், இசைவாணி. குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதர் முன்வைத்த சாதியில்லாத் தமிழர் என்ற கருத்திலிருந்து வந்தது.

ராப்பையும் ராக்கையும் கலந்து ஆத்திரமூட்டுவது உலகுக்குப் புதிதல்ல. மெக்ஸிகோவின் மொலோத்தோவ் குழு 1997ல் தன் முதல் தொகுப்பை ஸ்பானிஷில் கொண்டுவந்தபோது, அட்டைப்படத்தையும் வசைகளையும் கண்டு சில கடைகள் விற்க மறுத்தன. அவர்களே தெருவில் நின்று விற்றார்கள். ஊழல் அரசின் மீது அவர்கள் கோபம் நிஜமானது. ஆனால் அவர்கள் பாட்டுத் தலைப்பாக்கிய ஒரு வசை, ஒருபால் உறவினரை இழிக்கும் சொல்லும்கூட. மேலே எறிந்த கல் கீழே நிற்பவன் தலையிலும் விழுந்தது.

நம்மவர்கள் வசையை நம்பவில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. தமிழில் வசையின் பெரும்பங்கு சாதிப் பெயர். அது மேலிருந்து கீழே வருவது. அதைக் கேட்டே வளர்ந்தவனுக்கு வசை ஒரு மீறலே அல்ல, பழகிய வானிலை. அவன் மீற வேண்டுமானால் வாதம் செய்ய வேண்டும். 'கோட்டா' பாட்டு அதைத்தான் செய்கிறது. இடஒதுக்கீட்டைப் பிச்சை என்பவனை எதிரே உட்காரவைத்துக் கணக்குக் கேட்கிறது. 'ஐ ஆம் சாரி ஐயப்பா' இன்னும் நுட்பம். கோயிலுக்குள் வந்தால் என்ன என்று ஒரு பெண் கடவுளையே கேட்கிறாள், 'சாரி' என்ற மரியாதையோடு. ஆண்கள் கோலோச்சிய கானாவில் இந்தக் குரலே ஒரு மீறல்தான். அதற்குமேல் கத்த வேண்டியதில்லை என்று இசைவாணிக்குத் தெரிந்திருக்கிறது. இந்த மரியாதைதான் பலரைக் கொதிக்க வைத்தது.

தருமபுரியில் உட்கார்ந்து இதைக் கேட்பது வேறு அனுபவம். வங்கிக் கவுண்டரில் யாரும் சாதி கேட்பதில்லை. "எந்த ஊர்?" என்பார்கள். அடுத்து, "ஊரா, காலனியா?" அவ்வளவில் முடிந்துவிடும், குரல் உயராமல். இந்த மாவட்டத்தில்தான் 2012 நவம்பர் 7 அன்று, ஒரு கலப்பு மணத்தைச் சாக்கிட்டு, நத்தம் காலனியும் அண்ணா நகரும் கொண்டம்பட்டியும் எரிந்தன. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். மௌனத்தைக் கவிதையின் உச்சம் என்று கொண்டாடுகிற நாம், யாருடைய மௌனம் என்று கேட்டுக்கொண்டதில்லை. இந்தப் பாட்டுகள் உரக்க இருப்பது உருவக் குறைபாடு என்று சொல்லுமுன் அதைக் கேட்டாக வேண்டும்.

குறை இல்லாமல் இல்லை. 'ஜெய் பீம் ஆந்தம்' எனக்கு ஒட்டவில்லை. துதி வந்ததும் வாதம் போய்விடுகிறது. எந்தத் தலைவரைப் பாடினாலும் இதே மெட்டு பொருந்தும். கானா சாவு வீட்டில் வளர்ந்த வடிவம். ஒரு சட்டி, ஒரு தொண்டை போதும் அதற்கு. பல இடங்களில் மின்கிதார் அதன் மூச்சை அடைக்கிறது. இசைவாணியை ஒரு சட்டியோடு மட்டும் பாடவிட்டுப் பதிவு செய்திருக்கலாம். டென்மா ஒப்புக்கொள்ள மாட்டார்.