பத்து விழுக்காட்டுப் பூங்காக்கள்

சென்னைப் புறநகரில் மனை வாங்கியவர்கள் லேஅவுட் வரைபடத்தில் ‘பூங்கா’ என்றோ ‘ஓ.எஸ்.ஆர்.’ (திறந்தவெளி ஒதுக்கீடு) என்றோ குறித்த ஒரு கட்டத்தைப் பார்த்திருப்பார்கள். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்தாலும் அடுக்குமாடி எழுப்பினாலும், சாலை போக மீதியில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்க வேண்டும். தானப் பத்திரம் எழுதி அதை உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். நிலம் வாங்க அரசு பணம் செலவிடாமலே ஊருக்குப் பொதுவெளி சேர்கிற வழி இது. வளரும் நகரத்துக்கு இதைவிட மலிவான ஏற்பாடு கிடைப்பது கடினம்.

இந்த விதியின் உண்மையான பலம் பத்திரத்தில் இருக்கிறது. பத்திரம் இல்லாத பசுமைக்கு என்ன நேரும் என்பதைச் சென்னை ஏற்கெனவே கண்டிருக்கிறது. 1859இல் ஆளுநராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் காலத்தில் சென்ட்ரல் அருகே 116 ஏக்கரில் ‘பீப்பிள்ஸ் பார்க்’ உருவானது. குளங்களும் உயிரியல் பூங்காவும் அதற்குள் இருந்தன. பிறகு மூர் மார்க்கெட் வந்தது, ரிப்பன் மாளிகை வந்தது, விளையாட்டரங்கம் வந்தது. ஒவ்வொன்றும் ஊருக்குத் தேவையான கட்டடம்தான். ஆனால் அத்தனைக்கும் இடம் கொடுத்தது அந்த ஒரே பூங்கா. இன்று மிஞ்சியிருப்பது மை லேடீஸ் பூங்கா போன்ற சில துண்டுகள்.

பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை வேறு எதற்கும் கொடுக்கக் கூடாது என்று 1991இல் பெங்களூரு வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் உறுதியாகச் சொன்னது. அங்கே பூங்கா நிலம் தனியார் மருத்துவமனைக்குப் போகவிருந்தது. எதிர்த்து நின்று வென்றவர்கள் அந்தப் பகுதியில் குடியிருப்பவர்கள். வரைபடத்தில் இருக்கும் அந்தச் சிறு கட்டத்துக்குச் சட்டத்தில் எவ்வளவு கனம் உண்டு என்பதற்கு இந்தத் தீர்ப்பே சான்று.

குறை எங்கே தொடங்குகிறது? பூங்கா எங்கே வர வேண்டும் என்பதை இந்த விதியில் ஊரின் தேவை முடிவு செய்வதில்லை, ரியல் எஸ்டேட் முடிவு செய்கிறது. பெரிய நிலம் கைமாறும் இடத்தில்தான் பத்து விழுக்காடு கிடைக்கும். பழைய மகாபலிபுரம் சாலையிலும் தாம்பரத்துக்கு அப்பாலும் அது கிடைக்கிறது. வியாசர்பாடியிலோ இராயபுரத்திலோ முக்கால் ஏக்கர் காலி நிலத்தை இனி யார் பிரிக்கப் போகிறார்கள்? நெருக்கடி மிகுந்த தெருக்களில், பிள்ளைகள் பந்து விளையாட இடமில்லாத இடத்தில், இந்த விதி ஒரு சென்ட் நிலத்தைக்கூடச் சேர்க்காது.

அடுத்தது அளவு. ஒதுக்கும் இடம் 100 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது விதி. நம் கணக்கில் அது அரை கிரவுண்டுக்கும் குறைவு. அவ்வளவு சிறிய இடத்தில் ஆலோ அரசோ தாராளமாக விரிய முடியாது. ஒரு சறுக்கு மரம், இரண்டு சிமெண்ட் பெஞ்ச், எட்டு வடிவ நடைபாதை ஆகியவை போட்டால் மண் தீர்ந்துவிடும். பல பூங்காக்களில் வேப்ப மரத்தின் அடிவரைக்கும் பேவர் பிளாக் பதித்திருக்கிறார்கள். மழைத்தண்ணீர் இறங்க மரத்தைச் சுற்றி ஒரு முழம்கூட விடவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலையும் பார்த்த நகரம் இது. பூங்காக்களில் பள்ளம் வெட்டி மழைநீரைத் தேக்கும் ‘ஸ்பாஞ்ச் பூங்கா’ முறையை மாநகராட்சி கையில் எடுத்தது நல்ல திருத்தம். பேவர் பிளாக் மோகத்தையும் அதோடு கைவிட்டிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

மிகப் பெரிய ஓட்டை பணம்தான். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையிலான திட்டங்களில் நிலத்துக்குப் பதிலாக வழிகாட்டி மதிப்பைக் கட்டிவிட்டுப் போக விதியே வழி விடுகிறது. வழிகாட்டி மதிப்பு பெரும்பாலும் சந்தை விலையைவிடக் குறைவு. அந்தத் தொகையைக் கொண்டு அதே தெருவில் அதே அளவு நிலத்தை அரசால் வாங்க முடியாது. கட்டடத்துக்குக் குடிவந்தவர்கள் அங்கேயே இருக்கிறார்கள், அவர்களுக்குரிய திறந்தவெளி மட்டும் கணக்குப் புத்தகத்துக்குப் போய்விடுகிறது. 10,000 சதுர மீட்டருக்கு மேல் பணம் ஏற்கப்படுவதில்லை. அந்தக் கண்டிப்பு நடுத்தரத் திட்டங்களுக்கும் வேண்டும்.

நிலம் கிடைத்த இடத்திலும் அது ஊருக்குப் போய்ச் சேர்கிறதா என்பது வேறு கேள்வி. குடியிருப்பின் வாசலில் செக்யூரிட்டி நின்றால், பின்பக்கம் இருக்கும் ‘பொது’ப் பூங்காவுக்கு வெளியாள் யார் போவார்? பத்திரம் மாநகராட்சியிடம் இருக்கும், சாவி குடியிருப்போர் சங்கத்திடம் இருக்கும்.

பத்து விழுக்காட்டு விதியால் செய்யவே முடியாத வேலையும் உண்டு. அது ஒரு சதுப்பு நிலத்தை உண்டாக்காது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் பன்னாட்டு ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. அதற்குள் குப்பைக் கிடங்கும் சாலைகளும் கட்டடங்களும் அதன் பெரும்பகுதியை விழுங்கிவிட்டன. நகரத்துக்குப் பெரிய பசுமை வேண்டுமானால் அரசு தன் சொந்த நிலத்தைத்தான் திறக்க வேண்டும். 2024 செப்டம்பரில் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தின் குத்தகையை ரத்து செய்து, அதில் 118 ஏக்கரைப் பூங்காவுக்கு ஒதுக்கியது அப்படிப்பட்ட முடிவு. ஆயிரம் அரை கிரவுண்டுத் துண்டுகளைச் சேர்த்தாலும் அவ்வளவு நிலம் வராது.

சென்னைப் பெருநகரின் மூன்றாவது முழுமைத் திட்டம் 2027 முதல் 2046 வரைக்குமானது. அதில் இந்த விதி தொடர வேண்டும். ஆனால் பணம் கட்டித் தப்பும் வழியை அடைக்க வேண்டும், குறைந்தபட்ச அளவைக் கூட்ட வேண்டும், தானமாக வந்த ஒவ்வொரு நிலத்தையும் சர்வே எண்ணோடு வார்டு வாரியாக வெளியிட வேண்டும். அதுவரை மக்களால் செய்யக்கூடிய ஒன்று உண்டு. உங்கள் லேஅவுட்டின் அங்கீகார வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். பூங்கா என்று குறித்த இடத்தில் இன்று என்ன நிற்கிறது என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு, வார்டு அலுவலகத்தில் எழுத்துமூலம் கேளுங்கள்.