மறவாதவர்களின் ஊர்

பயண நூல்களிலும் சுற்றுலாக் கையேடுகளிலும் சில தொடர்கள் தேய்ந்த நாணயங்களைப் போலப் புழங்கி வருகின்றன. 'எழில் கொஞ்சும் சிற்றூர்' என்பது அவற்றுள் ஒன்று. பிரான்சு நாட்டின் கிழக்கு எல்லையில், வோஜ் மலைத்தொடருக்கும் ரைன் ஆற்றுக்கும் இடையே அமைந்துள்ள அல்சாஸ் பகுதியைப் பற்றி எழுதுவோர் இத்தொடரைத் தவிர்ப்பதே இல்லை. மலையடிவாரத்தில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர் நீளும் திராட்சை இரசப் பாதை 1953-ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. அன்று முதல் அப்பாதையில் உள்ள பழைய ஊர்களைக் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் திரண்டு வருகின்றனர். லூர்து நகருக்குத் திருயாத்திரை செல்லும் நம்மவர் சிலரும் இன்று அவ்வழியே சென்று திரும்புகின்றனர். அவ்வூர்களை எவ்வாறு காண வேண்டும் என்பது பற்றிய சில எண்ணங்களை இங்கு எழுத விழைகின்றேன்.

ரிக்விர் என்னும் ஊரை முதலில் எடுத்துக்கொள்வோம். அதன் மதிலுக்குக் காவலாக 1291-இல் எழுப்பப்பட்ட டோல்டர் கோபுரம் இன்றும் நிற்கின்றது. குறுகிய தெருக்களின் இருமருங்கிலும் மரச்சட்டங்களை இணைத்துக் கட்டிய வீடுகள் மஞ்சளும் நீலமும் செந்நிறமுமாய்த் திகழ்கின்றன. சன்னல்தோறும் பூந்தொட்டிகள். எகிஷைம் ஊரிலோ தெருக்கள் கோட்டையைச் சுற்றி வளையம் வளையமாகச் செல்கின்றன. 2013-இல் பிரெஞ்சு மக்கள் தங்கள் உள்ளங்கவர்ந்த சிற்றூராக அதனையே தேர்ந்தெடுத்தனர். ஒருமுறை கண்டவர் மீண்டும் காண விரும்புவது இயல்பே.

எனினும் சற்று நிதானித்துப் பார்ப்போமாக. இவற்றை 'இடைக்கால ஊர்கள்' என்கிறோம். மதில்களும் தெருக்களின் அமைப்பும் இடைக்காலத்தவை என்பது உண்மை. ஆனால் நாம் வியந்து நோக்கும் வீடுகளுள் பெரும்பாலானவை 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் திராட்சை இரச வாணிகம் செழித்தபோது எழுந்தவை. ரிக்விரில் 'மூன்று கோவில் சதுக்கம்' என்றோர் இடம் உண்டு. சமயச் சீர்திருத்தக் காலத்தில் அவ்வூர் பிரிந்த சகோதரர்களின் சபையைச் சார்ந்தது. அங்கிருந்த கோவில்களுள் இரண்டு பின்னர்க் குடியிருப்பு வீடுகளாயின. அதே ஊரின் 'கள்வர் கோபுர'த்தில் சித்திரவதைக் கூடம் ஒன்று இன்றும் காட்டப்படுகின்றது. அருகிலுள்ள பெர்க்ஹைம் ஊரில் 1582-க்கும் 1683-க்கும் இடையே பெண்கள் பலர் சூனியக்காரிகள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு உயிரிழந்தனர். பூந்தொட்டிகளுக்குப் பின்னே இத்தனையும் இருக்க, இவ்வூர்களை வெறும் எழிலாக மட்டும் காண நமக்குக் கற்றுக்கொடுத்தவர் யார்?

இவ்வினாவுக்கு விடை தேடினால் ஓர் ஓவியரின் பெயர் முன்வந்து நிற்கும். கொல்மார் நகரில் 1873-இல் பிறந்த ழான்-ழாக் வால்ட்ஸ், 'ஹான்சி' என்னும் புனைபெயரால் அறியப்பட்டவர். தலையில் பெரிய கருநிற முடிச்சு அணிந்த சிறுமியர், புகைபோக்கியின்மேல் கூடு கட்டிய நாரைகள், வாத்துகளை ஓட்டிச் செல்லும் சிறுவர், பின்னணியில் கோவில் மணிக்கூண்டு என அவர் தீட்டிய காட்சிகள் இன்று அப்பகுதியின் கடைகளில் தட்டுகளிலும் துணிகளிலும் அட்டைகளிலும் அச்சாகி விற்கப்படுகின்றன. அல்சாஸ் என்றதும் உலகத்தார் மனத்தில் எழும் படம் பெரிதும் அவர் கைவண்ணமே.

ஆனால் ஹான்சி எழிலை விற்க வந்தவர் அல்லர். 1871-ஆம் ஆண்டுப் போரின் முடிவில் அல்சாஸ் பகுதி பிரான்சிடமிருந்து பறிக்கப்பட்டு ஜெர்மானியப் பேரரசுடன் இணைக்கப்பட்டது. அந்த ஆட்சியின்கீழ் வளர்ந்தவர் அவர். 1913-இல் அவர் வெளியிட்ட நூலின் தலைப்பு 'என் ஊர்'. அதன் துணைத்தலைப்பு 'மறவாதவர்கள்'. குழந்தைகளுக்கான படநூல் போலத் தோன்றும் அதில் ஜெர்மானியக் காவலரும் பள்ளி ஆசிரியரும் எள்ளி நகையாடப்படுகின்றனர். இழந்த நாட்டின் நினைவைச் சுமந்து நிற்கும் முதியவர்கள் அன்போடு வரையப்பட்டுள்ளனர். 1914 ஜூலையில் லைப்சிக் நீதிமன்றம் அந்நூலுக்காக அவருக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அவர் பிரான்சுக்குத் தப்பி ஓடிப் படையில் சேர்ந்தார். ஏறத்தாழ எழுபது வயதை எட்டிய நிலையில், 1941-இல், தென்பிரான்சில் நாசிகளின் ஆட்கள் அவரை அடித்துக் குற்றுயிராய் விட்டுச் சென்றனர் என்பதையும் வரலாறு கூறுகின்றது. ஆக, ஒரு சிறுமியின் தலைமுடிச்சும் ஒரு மணிக்கூண்டும் ஒரு மனிதனைச் சிறைவாசலுக்குக் கொண்டுசென்ற காலம் ஒன்று இருந்தது. அப்படங்களில் காணும் இனிமை, அழுகையை அடக்கிக்கொண்டு சிரிப்பவனின் இனிமை.

ஹான்சியின் கலையில் குறை இல்லாமல் இல்லை. தம் மக்களை அவர் அன்பின் கண்கொண்டு நோக்கினார். அயலவரை வெறுப்பின் கண்கொண்டு நோக்கினார். அவர் வரைந்த ஜெர்மானியர் அனைவரும் ஒரே அச்சில் வார்த்த பொம்மைகள். பகைவனுக்கும் ஒரு முகம் உண்டு என்பதை அவர் தூரிகை ஏற்கவில்லை. பின்னர் நிகழ்ந்த வரலாறு இக்குறையைத் தெளிவாகக் காட்டுகின்றது. 1940-இல் அல்சாஸ் மீண்டும் ஜெர்மனியின் கைக்குச் சென்றது. 1942 முதல் அப்பகுதி இளைஞர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் தங்கள் விருப்பத்திற்கு மாறாக ஜெர்மானியப் படையில் சேர்க்கப்பட்டுப் பெரும்பாலும் கிழக்குப் போர்முனைக்கு அனுப்பப்பட்டனர். பகைவனின் சீருடை அணிந்து மடிந்த தன் மகனுக்காக அழுத தாய்க்கு ஹான்சியின் படநூலில் இடம் ஏது? நல்லவர் ஒருபுறமும் தீயவர் மறுபுறமுமாகப் பிரித்து வரையப்பட்ட ஊரில் அவள் எத்தெருவில் குடியிருப்பாள்?

1944 டிசம்பர் முதல் 1945 பிப்ரவரி வரை கொல்மாரைச் சுற்றிக் கடும்போர் நடந்தது. ரிக்விர் தப்பியது. அதற்கு அண்மையில் இருந்த பென்விர், மிட்டல்விர், சிகோல்ஷைம், அம்மர்ஷ்விர் ஆகிய ஊர்கள் பெரும்பாலும் இடிந்து தரைமட்டமாயின. இன்று சிகோல்ஷைமுக்கு மேலே, திராட்சைக் கொடிகளின் நடுவே, 1,500-க்கும் மேற்பட்ட வீரர்களின் கல்லறைகள் வரிசை வரிசையாக உள்ளன. அவர்களுள் பெருந்தொகையினர் பிரான்சின் அன்றைய வட ஆப்பிரிக்கக் குடியேற்ற நாடுகளிலிருந்து வந்த இஸ்லாமியர். அல்சாஸ் மண்ணை மீட்க அவர்கள் இரத்தம் சிந்தினர். அவர்களுடைய ஊர்களின் பெயர்களை யாரும் அட்டைகளில் அச்சிட்டு விற்பதில்லை. மீண்டும் கட்டப்பட்ட பென்விருக்குச் சுற்றுலாப் பேருந்துகள் அதிகம் வருவதில்லை. புதிய வீடுகளில் 'எழில்' இல்லையாம்! தப்பிய ஊரைப் பாராட்டுகிறோம், அடிபட்ட ஊரைக் கடந்து செல்கிறோம். எரிக்கோவுக்கு இறங்கிச் சென்ற பாதையில் குருவும் லேவியரும் விலகிப் போனதை வாசித்துள்ள நமக்கு இச்செயல் உறுத்த வேண்டாமா?

இனிக் கொல்மாருக்குச் செல்வோம். தொமினிக்கன் சபை அருள்சகோதரியரின் மடமாக இருந்து 1853-இல் அருங்காட்சியகமாக மாறிய உண்டர்லிண்டனில், மத்தியாஸ் குரூனவால்ட் 1512-க்கும் 1516-க்கும் இடையே தீட்டிய ஈசன்ஹைம் பீட ஓவியம் உள்ளது. நமக்கெல்லாம் நன்கு அறிமுகமான வனத்து அந்தோனியாரின் பெயரைத் தாங்கிய துறவியர், ஈசன்ஹைமில் இருந்த தங்கள் மடத்துக்காக இதனைச் செய்வித்தனர். அங்கு நோயாளிகளைப் பேணுவதே அவர்களின் பணி. ரை என்னும் தானியத்தில் பற்றிய நச்சுப் பூஞ்சை, அதன் மாவில் செய்த அப்பத்தை உண்ட ஏழைகளின் உடலை எரித்தது. கை கால்கள் கறுத்து அழுகின. மக்கள் அதனை 'அந்தோனியார் நெருப்பு' என்றனர். துறவியர் அவர்களுக்கு நல்ல அப்பம் கொடுத்தனர், புண்களுக்குக் களிம்பு இட்டனர். புனிதரின் திருப்பண்டத்தின்மீது வார்த்த திராட்சை இரசத்தையும் பருகக் கொடுத்தனர். இன்று சுவைத்துப் பார்த்து விலைபேசும் திராட்சை இரசம், அன்று நோயுற்ற ஏழையின் உதட்டில் மருந்தாகவும் செபமாகவும் வைக்கப்பட்டது.

அந்நோயாளிகளின் கண்முன் நின்ற சிலுவையில் எழில் என்பது துளியும் இல்லை. இயேசுவின் உடல் பசுமை படர்ந்து, முட்கள் தைத்து, புண்களால் நிறைந்துள்ளது. விரல்கள் வலியால் விரிந்து முறுகியுள்ளன. வெண்ணிற ஆடையில் மரியன்னை மயங்கிச் சாய்கிறார். மகதலா மரியா கைகளைப் பிசைந்து முழந்தாளிட்டுள்ளார். மறுபுறம் திருமுழுக்கு யோவான் நீண்ட விரலால் சிலுவையைச் சுட்டிக்காட்டுகிறார். தன் புண்ணைப் போன்ற புண்ணை ஆண்டவரின் மேனியில் கண்ட நோயாளி, தான் கைவிடப்படவில்லை என்பதை எந்த மறையுரையும் கேளாமலே உணர்ந்திருப்பான். பீடத்தின் கதவுகள் திறக்கப்படும் நாள்களில் அதே உடல் ஒளிவெள்ளத்தில் உயிர்த்தெழுவதையும் அவன் கண்டான். தழும்புகளோ அவ்வொளியிலும் மறையவில்லை. கிறிஸ்தவக் கலையின் அழகு இதுவே என்பேன். அது காயத்தை மறைத்துப் பெறும் அழகு அன்று. காயத்தின் வழியே ஒளிரும் அழகு.

இங்கு மனத்தைத் தொடும் செய்தி ஒன்று உண்டு. தம் தந்தை பொறுப்பு வகித்த இதே அருங்காட்சியகத்துக்கு 1923-இல் காப்பாளராக அமர்ந்தவர் ஹான்சி. எழில்மிகு ஊரைத் தீட்டிய கை, இச்சிலுவையைக் காத்த கையும் ஆகும். இவ்விரண்டும் ஒருவருக்குரியவையாக இருந்ததை நாம் மறந்து, ஒன்றைக் கடையில் வாங்கிக்கொண்டு மற்றதை 'நேரமில்லை' என்று விட்டுவிடுகிறோம். பிழை ஹான்சியினது என்பதைவிட நம்முடையது என்பதே பொருந்தும். அவர் படங்களிலிருந்து துயரத்தை உரித்தெடுத்துச் சிரிப்பை மட்டும் வைத்துக்கொண்டவர்கள் நாமே.

எகிஷைமின் சதுக்கத்தில், நீரூற்றின்மேல், திருத்தந்தை ஒன்பதாம் லியோவின் சிலை நிற்கின்றது. சிங்கராயர் என நம் முன்னோர் வழங்கிய பெயரைத் தாங்கிய அவர் 1002-இல் அவ்வூரில் பிறந்தார் என்பது மரபு. 1049 முதல் 1054 வரை திருச்சபையை ஆண்ட அவர், திருப்பதவிகள் விலைக்கு விற்கப்படுவதை எதிர்த்துக் கடுமையாகப் போராடிய புனிதர். விலைபேசக் கூடாதவை சில உண்டு என்று அவர் தம் காலத்துக்குக் கூறினார். அவர் சிலையின் அடியில் நின்று படம் எடுத்துக்கொள்வோர் அச்சொல்லையும் கேட்டுச் செல்வது நலம்.

அல்சாஸுக்குச் செல்லும் அன்பர்களுக்கு நான் கூற விரும்புவது இதுவே. ரிக்விரைக் காணாமல் திரும்ப வேண்டாம். அதன் அழகும் கடவுளின் கொடையும் மனித உழைப்பின் கனியுமே. ஆனால் அதனை இறுதியில் காணுங்கள். முதலில் உண்டர்லிண்டனில் அச்சிலுவையின் முன் சிறிது நேரம் அமைதியாக நில்லுங்கள். பின்னர் சிகோல்ஷைம் குன்றில் ஏறி, கொடிகளுக்கு நடுவே உறங்கும் அந்நியருக்காக ஒரு செபம் சொல்லுங்கள். அதன்பின் ரிக்விரின் வண்ண வீடுகளை நோக்கும்போது, அங்கே வாழ்ந்தவர்களும் இறந்தவர்களும் சன்னல்தோறும் நின்று உங்களை நோக்குவதை உணர்வீர்கள். அப்போதுதான் ஹான்சி தம் நூலுக்கு ஏன் 'மறவாதவர்கள்' என்று பெயரிட்டார் என்பதும் விளங்கும்.