உரிமம் யாரைச் சோதிக்கிறது?

2016 ஏப்ரலில் பெர்லினின் ஆர்டெமிஸ் விடுதிக்குள் ஏறத்தாழ 900 காவலர்களும் சுங்க அதிகாரிகளும் நுழைந்தார்கள். ஆர்டெமிஸ் மறைந்து நடந்த இடமல்ல. ஊரறிய நடந்த பாலியல் தொழில் விடுதி. அங்கே வேலை செய்த பெண்கள் சுயதொழிலாளர் என்று கணக்கில் காட்டப்பட்டாலும் உண்மையில் ஊழியர்கள்தான், அவர்களுக்குக் கட்ட வேண்டிய சமூகக் காப்பீட்டுப் பணம் ஏய்க்கப்பட்டது என்பது முக்கியக் குற்றச்சாட்டு. 2018இல் பெர்லின் நீதிமன்றம் வழக்கை விசாரணைக்கு எடுக்கவே மறுத்தது. கடைசியில் விடுதிக்காரர்களுக்கு இழப்பீடு தர வேண்டிய நிலை மாநில அரசுக்கு வந்தது.

மறுபக்கம், ஸ்டுட்கார்ட் அருகே இருந்த பாரடைஸ் விடுதி. அதன் முதலாளி தொலைக்காட்சி விவாதங்களில் உட்கார்ந்து, தொழிலைச் சுத்தமாக நடத்துவது எப்படி என்று பேசியவர். 2019 பிப்ரவரியில் ஆள்கடத்தலுக்கு உடந்தை, முதலீட்டாளர்களை ஏமாற்றியது ஆகிய குற்றங்களுக்காக அவருக்கு ஐந்தாண்டுச் சிறை. ஆர்டெமிஸில் அரசு தேவைக்கு மேல் பாய்ந்தது. பாரடைஸில் பல ஆண்டுகள் பிந்தி வந்தது. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: தொழிலை அனுமதித்த ஜெர்மனி, அதை நடத்துபவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று வெகுகாலம் யோசிக்கவில்லை.

2002 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்த பாலியல் தொழில் சட்டத்தின் நோக்கம் நல்லது. அதற்கு முன், பெண்களுக்கு வசதியான சூழலை அமைத்துக் கொடுப்பதே 'விபசாரத்தை ஊக்குவிப்பது' என்று தண்டிக்கப்படலாம். அழுக்கான விடுதிக்காரர் அதிலிருந்து தப்பிவிடுவார். பேசிய பணத்தைக் கேட்டு ஒரு பெண் நீதிமன்றம் போனால், ஒப்பந்தமே ஒழுக்கத்துக்குப் புறம்பானது என்று வழக்கு தள்ளப்படும். புதிய சட்டம் இரண்டையும் மாற்றியது. பணம் கேட்கும் உரிமையும், ஊழியராகச் சேர்ந்து காப்பீடும் ஓய்வூதியமும் பெறும் வழியும் வந்தன. அந்த இரண்டாவது வழியில் கிட்டத்தட்ட யாரும் போகவில்லை. 2007இல் அரசு வெளியிட்ட மதிப்பீட்டில், ஆய்வில் பங்கேற்ற பெண்களில் வேலை ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவே. பெண்கள் பெயர் தெரியாமல் இருக்கவே விரும்பினார்கள். எந்த வாடிக்கையாளரை ஏற்பது என்று முதலாளி கட்டளையிட முடியாத இடத்தில் முதலாளிக்கும் ஒப்பந்தத்தில் ஆர்வமில்லை. ஆர்டெமிஸ் வழக்கின் வேர் இந்த வெற்றிடத்தில்தான் இருக்கிறது.

நகராட்சிகளோ வரி விஷயத்தில் தயங்கவே இல்லை. 2011இல் பான் நகரம் தெருவில் நிற்கும் பெண்கள் இரவுக்கு 6 யூரோ போட்டுச் சீட்டு எடுக்க ஓர் இயந்திரத்தையே நட்டுவைத்தது. பாதுகாப்புக்கு ஆள் கிடைப்பதற்கு முன் வசூலுக்கு இயந்திரம் கிடைத்துவிடுகிறது!

2017 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாலியல் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம்தான் முதன்முறையாக விடுதிக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கியது. இதில் முதலாளியைப் பற்றிய பகுதி உறுதியானது என்பேன். ஆள்கடத்தல் போன்ற குற்றங்களுக்குத் தண்டனை பெற்றவருக்கு உரிமம் கிடையாது. தொழிலை எப்படி நடத்தப்போகிறார் என்ற திட்டத்தை எழுதித் தர வேண்டும். அறைதோறும் அவசர அழைப்பு வசதி வேண்டும். கதவை எந்நேரமும் உள்ளிருந்து திறக்க முடிய வேண்டும். வேலை செய்யும் அறையிலேயே தூங்க வைக்கக் கூடாது. அளவுக்கு மீறிய வாடகை கறக்கக் கூடாது. ஒரே கட்டணத்தில் வரம்பில்லாச் சேவை என்று விற்ற வியாபாரம் ஒழிந்தது.

பிசகு இரண்டு இடங்களில். தன் வீட்டில் தனியாகத் தொழில் செய்யும் பெண்ணுக்கு விடுதி உரிமம் வேண்டாம். பாதுகாப்புக்காகத் தோழி ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டால் அந்த வீடு விடுதியாகிவிடும். ஒருத்தி முதலாளியாகி உரிமம் கேட்க வேண்டும். அறை விதிகளில் விலக்குத் தர அலுவலகத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் கட்டட விதி குறுக்கே நிற்கும்: விடுதி என்றாகிவிட்டால் குடியிருப்புப் பகுதியில் அதற்கு இடமில்லை. அதன்மேல், பாலியல் தொழிலுக்குத் தடைசெய்யப்பட்ட வட்டாரங்கள் வேறு. 50,000 பேர் வரை வாழும் ஊர்களில் ஊர் முழுவதையுமே தடைப் பகுதியாக்கலாம். இத்தனையையும் கடக்க வழக்கறிஞரும் கட்டட வரைஞரும் வைத்திருக்கும் பெரிய முதலாளியால்தான் முடியும். பெண்கள் தாங்களே நடத்திய சிறு வீடுகளுக்குத்தான் அடி விழுந்தது.

அடுத்தது தனிநபர் பதிவு. ஒவ்வொரு பெண்ணும் அலுவலகத்தில் பதிந்து, படம் ஒட்டிய சான்றை வேலையின்போது வைத்திருக்க வேண்டும். புனைபெயரில் சான்று தருவார்கள், ஆனால் உண்மைப் பெயர் அரசுக் கோப்பில் இருக்கும். 2019 இறுதியில் பதிவானவர்கள் ஏறத்தாழ 40,400 பேர். 2024 இறுதியில் 32,300. தொழில் அந்த அளவுக்குச் சுருங்கிவிட்டது என்று யாரும் நம்புவதில்லை. பதிவானவர்களில் ஐந்தில் ஒருவர்கூட ஜெர்மன் குடியுரிமை பெற்றவர் இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ருமேனியர்கள். ஊரில் குடும்பத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று அஞ்சுபவள் பதிவைத் தவிர்ப்பாள். பதிவில்லாதவளை உரிமம் பெற்ற விடுதி சேர்த்துக்கொள்ளக் கூடாது. ஆக, அவசர மணி உள்ள அறை அவளுக்கு இல்லை. மிரட்டப்படும் பெண்ணை அதிகாரி நேரில் பார்க்க பதிவுக்கான சந்திப்பு ஒன்றுதான் வாய்ப்பு என்பது ஆதரவாளர் வாதம். ஆனால் மிரட்டுபவனே அவளை அழைத்துவந்து வாசலில் நிறுத்திவிட்டுப் போகவும் முடியும்.

அண்டை நாடுகள் சுமையை வேறு தோளில் வைத்துப் பார்த்திருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமில் கண்ணாடிச் சன்னல் அறைகளை வாடகைக்கு விட்ட ஒருவருக்கு, ஹங்கேரிய, பல்கேரியப் பெண்களோடு அவர்களுக்குப் புரியும் மொழியில் பேச முடியவில்லை என்பதால் உரிமம் மறுக்கப்பட்டது. பேச்சே புரியாதவர், அந்தப் பெண் மிரட்டப்படுகிறாளா என்று எப்படி அறிவார்? அப்படி நிபந்தனை விதிக்கலாம் என்று 2015இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் சொன்னது. பெல்ஜியத்தில் 2024 டிசம்பர் 1 முதல் வேலை ஒப்பந்தம் உண்டு. பேறுகால விடுப்பும் ஓய்வூதியமும் அதில் அடங்கும். வாடிக்கையாளரை மறுத்ததற்காக ஒருத்தியை வேலைநீக்கம் செய்ய முடியாது. ஒப்பந்தம் எழுத முன்வரும் முதலாளிகள் எத்தனை பேர் என்பதில்தான் அதன் வெற்றி இருக்கிறது. ஜெர்மனியின் அனுபவம் அவ்வளவு நம்பிக்கை தருவதாக இல்லை.

விடுதி முதலாளி மீதான சோதனையை ஜெர்மனி தளர்த்தக் கூடாது. இன்னும் இறுக்கலாம், ஆம்ஸ்டர்டாமின் மொழி நிபந்தனையையும் சேர்த்துக்கொள்ளலாம். பெண்களின் கட்டாயப் பதிவை எடுத்துவிட வேண்டும். இரண்டு மூன்று பெண்கள் சேர்ந்து நடத்தும் வீட்டைக் கட்டட விதி விடுதியாகப் பார்ப்பதை நிறுத்த வேண்டும்.