மிசிசிப்பியின் மாறாத வலை

மேல் மிசிசிப்பி ஆற்றில் மீனையும் தண்ணீரையும் 1986இல் தொடங்கப்பட்ட ஒரு திட்டம் கண்காணித்து வருகிறது. பணம் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையுடையது. களத்தில் இறங்குபவர்கள் ஐந்து மாநிலங்களின் பணியாளர்கள். அளக்கும் பகுதிகள் ஆறு. அவற்றுள் ஒன்றான லா கிராஞ்ச், துணையாறான இல்லினாய் ஆற்றில் இருக்கிறது.

மீன்பிடிப்பு ஜூன் நடுவிலிருந்து அக்டோபர் இறுதிவரை, மூன்று தவணைகளில். எந்த இடத்தில் பிடிப்பது என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்கிறது. மீன் சிக்காது என்று படகில் இருப்பவருக்கு நன்றாகத் தெரிந்த கரைக்கும் போயே ஆகவேண்டும். படகின் முன்னே தொங்கும் கம்பிகள் நீரில் மின்சாரம் பாய்ச்சுகின்றன. முகப்பில் நிற்கும் இருவர் மயங்கி மிதக்கும் மீன்களை நீளக்காம்பு வலையால் அள்ளுகிறார்கள். 15 நிமிடம் முடிந்ததும் நிறுத்தம். இனமும் நீளமும் எழுதிக்கொள்கிறார்கள்.

முறையை மாற்றாத இந்தப் பிடிவாதமே திட்டத்தின் உயிர். ஆசியாவிலிருந்து வந்த வெள்ளிக்கெண்டையும் அதன் உறவினமும் லா கிராஞ்சில் பெருகியபோது, அதற்கு முந்தைய ஆண்டுகளின் கணக்கு கையில் இருந்தது. கிஸர்ட் ஷாட் என்ற உள்ளூர் மீன் சுமார் 7 சதவீதமும், பிக்மவுத் பஃபலோ 5 சதவீதமும் உடல் மெலிந்ததை 2007இல் வந்த ஆய்வு காட்ட முடிந்தது அதனால்தான். பழைய அளவைப் பிறகு எவராலும் போய் எடுத்துவர முடியாது.

ஆனால் மாறாத வலை மாறாமல் சிலவற்றைத் தவறவும் விடுகிறது. அந்த மின்சாரம் ஆழத்துக்கு எட்டாது. ஆற்றின் ஆழமான மைய ஓட்டத்தின் அடியில் வாழும் மீன்கள் அதில் சரிவரக் கணக்கில் வருவதில்லை. வெள்ளிக்கெண்டையோ படகுச் சத்தத்துக்கே மிரண்டு துள்ளி விலகிவிடும். சிக்கிய எண்ணிக்கையை ஆற்றிலுள்ள எண்ணிக்கையாகப் படிப்பது பெரும்பிழை.

என்னை அதிகம் உறுத்துவது குளிர்காலம். திட்டத்தின் நீர்த்தரக் குழு அப்போதும் போகிறது: பின்நீர்களில் உறைந்த பனியைத் துளையிட்டு வெப்பநிலையும் கரைந்த ஆக்சிஜனும் அளக்கிறது. ப்ளூகில் மீன்கள் நீரோட்டமில்லாத அந்த மூலைகளில்தான் குளிரைக் கழிக்கின்றன. அவற்றைப் பிடித்து எண்ணும் தவணை மட்டும் அந்தப் பருவத்தில் இல்லை. ஆக்சிஜன் எந்த அளவுக்கு இறங்கியபோது மீன்கள் இடம்பெயர்ந்தன, எத்தனை மடிந்தன என்பதைக் கோடைப் பிடிப்பிலிருந்து ஊகிக்கத்தான் முடிகிறது. பனிக்கடியில் வலை போடுவது கடினம், செலவும் அதிகம், மறுக்கவில்லை. இருந்தும் பகுதிக்கு ஒரு பின்நீரிலாவது சில மீன்களுக்குச் சமிக்ஞைக் கருவி பொருத்திக் குளிர் முழுக்கத் தொடரலாம். அதற்கான பணத்தைக் கோடைத் தவணைகளிலிருந்து மட்டும் வெட்டக்கூடாது.