கால்வாய்க்கு மேல் ஒரு ஸ்டேஷன்: பொது நிலம் பற்றிச் சில குறிப்புகள்

போன மாதம் அம்மாவோடு ஒரு பஸ் ஸ்டாப்பில் நின்றிருந்தேன். அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு, அவசரமாகக் கழிப்பறை வேண்டும். எதிரிலேயே ஓர் அரசு அலுவலகம், நாலு மாடி. உள்ளே போனோம். "இது ஸ்டாஃப்புக்கு மட்டும்மா" என்றார் வாட்ச்மேன். அவர் மேல் தப்பில்லை, அவருக்குச் சொன்னதை அவர் சொன்னார். ஆட்டோ பிடித்து வீட்டுக்கே வந்துவிட்டோம். ஆனால் அந்தக் கட்டடம் யாருடையது என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

பெசன்ட் நகரையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசு அலுவலகங்கள் இருக்கும் ராஜாஜி பவன், மத்தியப் பொதுப்பணித் துறை குவார்ட்டர்ஸ், 29சி வந்து நிற்கும் எம்டிசி பஸ் நிலையம், மாநகராட்சிப் பூங்காக்கள். எல்லாம் நடந்து போகும் தூரத்தில்தான். எல்லாமே பொதுச் சொத்து. ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி மதில், தனி கேட், தனி பார்க்கிங். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஆபீஸ் பார்க்கிங் காலியாகக் கிடக்கும். அதே நேரத்தில் எலியட்ஸ் பீச் பக்கம் வண்டி நிறுத்த இடமிருக்காது.

இதற்கு மருந்தாகச் சொல்லப்படுவது, அரசு அமைப்புகள் நிலத்தையும் கட்டடத்தையும் சேர்த்துத் திட்டமிடுவது. பிரிட்டனில் 2013-ல் 'ஒன் பப்ளிக் எஸ்டேட்' என்று இதற்காகவே ஒரு திட்டம் தொடங்கினார்கள். நகராட்சி, போலீஸ், மருத்துவத் துறை எல்லாம் ஒரே கட்டடத்தைப் பகிர்ந்துகொள்வது, மிச்சமாகும் நிலத்தில் வீடு கட்டுவது, இதுதான் அதன் சாரம். யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இங்கே ஏற்கெனவே ஒரு முன்மாதிரி இருக்கிறதே, அதைப் பார்க்காமல் கைதட்டக் கூடாது.

பறக்கும் ரயிலைச் சொல்கிறேன்.

கடற்கரையிலிருந்து மயிலாப்பூர் வரை 1997-ல் வந்தது. 2004-ல் திருவான்மியூர், 2007-ல் வேளச்சேரி. நிலம் கையகப்படுத்துவது செலவு, தகராறு. அதனால் பெரும்பகுதி பக்கிங்ஹாம் கால்வாயை ஒட்டியும் அதன் மேலேயும் போனது. ஒரு பொது நிலத்தை இன்னொரு பொது அமைப்பு பயன்படுத்திக்கொண்டது. காகிதத்தில் இதைவிடச் சிக்கனம் கிடையாது. ஆனால் தூண்கள் கால்வாய்க்குள்ளேயே இறங்கின. மழைநீர் வடிய வேண்டிய வழி அது. வேடிக்கை என்னவென்றால், அதே கால்வாய் 2008-ல் தேசிய நீர்வழி 4-இன் பகுதியாக அறிவிக்கப்பட்டது. படகு எப்படிப் போகும் என்று திருமயிலை ஸ்டேஷன் பக்கம் நின்று பாருங்கள்.

அடுத்தது ஸ்டேஷன்கள். திருமயிலை, இந்திரா நகர், திருவான்மியூர், எல்லாம் ராட்சதக் கட்டடங்கள். வணிகத்துக்கும் இடம் விட்டுக் கட்டினார்கள். பல வருஷம் அந்த மாடிகள் வெறிச்சோடிக் கிடந்தன. இரவில் தனியாக ஏறி இறங்கப் பெண்கள் பயந்தார்கள். ஏன் இப்படி ஆச்சு? என் கணிப்பு இதுதான்: ரயில் ரயில்வேயுடையது, வெளியே ரோடு மாநகராட்சியுடையது, பஸ் எம்டிசியுடையது, கால்வாய் நீர்வளத் துறையுடையது. இடத்தைப் பகிர்ந்தார்கள், பொறுப்பைப் பகிரவில்லை. போக்குவரத்தை ஒருங்கிணைக்கும் 'கும்டா'வுக்கு 2010-லேயே சட்டம் வந்தும் அது வேலையைத் தொடங்க 2022 ஆயிற்று. இப்போது பறக்கும் ரயிலை மெட்ரோவிடம் கொடுக்கப் போகிறார்கள். நல்லது. ஆனால் கட்டி முடித்த பிறகு செய்வதைக் கட்டும் முன்னே செய்திருக்கலாம்.

இன்றைய போக்கு வேறு. பிராட்வே பஸ் நிலையத்தையும் குறளகத்தையும் சேர்த்து, மெட்ரோவும் இணையும் ஒரே வளாகமாக்கும் திட்டம். மாநகரப் பஸ் டிப்போக்களில் வணிக மாடிகள். இவற்றுக்கெல்லாம் பெரியண்ணன் டெல்லி. அங்கே 2016-ல் ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சுமார் 12,970 வீடுகளுக்குப் பதில் 25,667 வீடுகள். செலவுக்கு, நிலத்தில் ஒரு பங்கை வணிகமாக்கி விற்பது. அதில் நவுரோஜி நகர் முழுக்க அலுவலக வளாகமாகிவிட்டது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும் 2018-ல் மக்கள் தெருவுக்கு வந்தார்கள், உயர் நீதிமன்றம் வெட்டுவதை நிறுத்தியது.

"விற்காமல் பணத்துக்கு எங்கே போவது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. பழைய குவார்ட்டர்ஸில் காரை பெயர்ந்து விழும் வீட்டில் குடியிருப்பவருக்கு என் தத்துவம் சோறு போடாது. ஆனால் விற்பது ஒருமுறைதான் நடக்கும். பகிர்வது தினமும் நடக்கலாம். ஆறு மணிக்கு மேல் பார்க்கிங்கைத் திறந்துவிட, தரைத்தளக் கழிப்பறையைப் பொதுவாக்க, இரண்டு வளாகத்துக்கு நடுவே ஒரு கேட் வைக்க, எதையும் இடிக்க வேண்டாம், டெண்டரும் பெரிதாக வேண்டாம். அதைச் செய்ய முடியாத அமைப்புகள் சேர்ந்து இருபது மாடி கட்டினால் உள்ளேயும் மதில்தான் எழுப்பும்.

இன்னொன்று. ஊரூர் ஆல்காட் குப்பத்து மணலில் வலை காய்கிறது, படகு நிற்கிறது. சர்வே எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அது காலி நிலம். கால்வாயும் அப்படித்தான் தெரிந்தது. ஆகவே எந்தக் கூட்டுத் திட்டம் வந்தாலும் நிலம் யார் பேரில் இருக்கிறது என்பதோடு, அதை இப்போது யார் பயன்படுத்துகிறார்கள் என்றும் ஒரு பட்டியல் போடுங்கள். கட்டிய பிறகு பராமரிப்புக்கு யார் பதில் சொல்வார் என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

அந்த ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நிற்கும் என் அம்மா மாதிரி ஆட்களும் அந்தப் பட்டியலில் வர வேண்டும்.